அட்டையில் இருந்த கையெழுத்து

அக்டோபர் 4, 2011
சமையல் புத்தகத்துக்கு நூறு குறிப்புகள் சேர்ந்துவிட்டன. எங்கள் வெள்ளையர் தேவாலயச் சபையும் ஆற்றங்கரைக் கறுப்பினத்தவர் சபையும் சேர்ந்து செய்யும் முதல் காரியம். தென் கரோலினாவில் இதுவே பெரிது. அவர்கள் சார்பில் ஒடெசா பிங்க்னி, ஓய்வுபெற்ற டீச்சர். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் நான் ஒடெசா என்பேன், அவள் மிஸ் வெர்னா என்பாள். இங்கே வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வழக்கம் அப்படி. பழைய சமையல் குறிப்பு அட்டைகளைப் படமெடுத்தே அச்சிடலாம் என்றாள். அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்தேன்.

அக்டோபர் 7
வெட்கம். வெட்கம்.
ஒடெசா ஓர் அட்டையை மேசையில் வைத்தாள். கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பிரேசில் கொட்டை மிட்டாய். ஆனால் தலைப்பில் அந்தப் பெயர் இல்லை. எங்கள் வீடுகளில் அந்தக் கொட்டையைக் கறுப்பர்களின் கால்விரல் என்போம் — 'கறுப்பர்' என்றா சொன்னோம்? அடிமைகளைக் கூப்பிட்ட அந்தச் சொல்லால். இங்கே எழுதக் கை கூசுகிறது. கடையில் கேட்டு வாங்கியபோது வாய் கூசவில்லை.
அம்மா எழுதியது, அந்தக் காலத்து மனுஷி என்றேன்.
ஒடெசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ரெண்டு மாசமா உங்க கையெழுத்தத்தான் படிச்சிட்டிருக்கேன், மிஸ் வெர்னா." கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
பழைய அட்டையில் எண்ணெய் ஊறிப்போனதென்று பத்தொன்பது வயதில் நான்தான் பெயர்த்தெழுதினேன். மறந்தா போனேன்? இல்லை. செத்தவள் வந்து மறுக்கமாட்டாள் என்ற தைரியம்.

அக்டோபர் 8
ஒடெசா போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 11
எங்கள் சபைப் பெண்களிடம் சொன்னேன். க்ளெண்டா சிரித்தாள். "எல்லாருந்தான் சொன்னோம். இப்ப அவங்க பசங்களே அந்தச் சொல்லப் பாட்டுல பாடுறாங்க. அந்த அட்டையக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு."
நானும் இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதும் நான் சொல்வதும் ஒன்றா?
கிழிக்கவில்லை.

அக்டோபர் 15
ஒடெசா வீட்டுக்குப் போனேன். நான்தான் எழுதினேன், அம்மா மேல் பழி போட்டேன் என்று வாசலிலேயே சொன்னேன். தெரியும் என்றார். உள்ளே கூப்பிட்டு ஒரு நகலைக் காட்டினார். 1858, ஒரு பண்ணைக்காரரின் சொத்துப் பட்டியல். கோவேறு கழுதைகளுக்கு அடுத்த வரியில் ஒடெசாவின் கொள்ளுத்தாத்தா. பெயருக்கு முன்னால் அந்தச் சொல்.
"எட்டு வயசுப் பிள்ளை. இவர சாகுற வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. உங்க வீட்டுல அது மிட்டாய்."


நவம்பர் 20
புத்தகம் வந்துவிட்டது, மிட்டாய் இல்லாமல். ஆற்றங்கரைச் சபையில் அடுத்த ஞாயிறு பழைய ஆவணங்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைக்க என் அட்டையைக் கேட்டார்.
"யாரு எழுதினதுன்னு கீழ போடவா, வேணாமா?"
க்ளெண்டா வருவாள். என் பேத்திகள் வருவார்கள்.
"போடுங்க, மிசஸ் பிங்க்னி."
அவர் ஒரு வெற்றுச் சீட்டை என் பக்கம் தள்ளினார். வெர்னா டட்டில், 1962 என்று எழுதி அட்டைக்குக் கீழே வைத்தேன். இத்தனை வருடத்தில் என் கையெழுத்து கொஞ்சமும் மாறவில்லை.