ராட்சசி என்றொரு நட்சத்திரம்

ஜூன் 4
ஆய்வகத்து எலும்புக்கூட்டுக்கு பி.டி. சாரின் தொப்பியையும் விசிலையும் மாட்டிவிட்டேன். "என்ன சார், ஒரே வாரத்துல இவ்ளோ இளைச்சிட்டீங்க?" என்று அதனிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது சார் பின்னாலேயே நின்றிருக்கிறார். நாளைக்கு அம்மா பள்ளிக்கு வர வேண்டும். அம்மா திட்டவில்லை. "அப்படியே உங்கப்பா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவி வைத்த பாத்திரத்தையே.

ஜூன் 9
அப்பா போன்.
"தீயணைப்பு நிலையம். எங்க எரியுது?" என்றேன்.
"வயித்துலதாங்க. ராட்சசி இருக்காளா?"
"இருக்கா. என்ன லஞ்சம் தருவீங்க?"
அப்பா அந்த ஆன்ட்டி வீட்டுக்குக் குடிபோன பிறகும் மாறாமல் இருப்பது இது ஒன்றுதான். ஞாயிறு வர முடியாதாம். கோளரங்கத்தில் ஷோ. போன ஞாயிறும் ஷோ, அதற்கு முந்தினதும் ஷோ. பெற்ற அப்பாவைப் பார்க்க இனி டிக்கெட்தான் எடுக்கணும் போல.
— எடுத்தால் என்ன?

ஜூன் 12
திட்டம் தயார்.
ஷோவில் பேசுவது அப்பாதான். இருட்டில், கையில் அம்புக்குறி விளக்கோடு. எங்கள் நட்சத்திரம் வரும் இடம் எனக்கு மனப்பாடம். மங்கலாக, ஆரஞ்சாக ஒரு புள்ளி. "பாத்தா நோஞ்சான். கிட்டப் போனா சூரியனையே பாக்கெட்ல போட்டுக்கும். ராட்சத வகை" என்பார். பழைய காலத்தில் அதற்கும், பக்கத்தில் பளிச்சென்று இருப்பதற்கும் சேர்த்து ஒரே பெயர்தானாம். ஒரு பெயர் ஒரு நட்சத்திரத்துக்குத்தான் என்று பிற்பாடு பெரியவர்கள் கூடி முடிவு செய்தபோது, பளிச்சென்று இருந்தது பெயரோடு போய்விட்டது. இதற்கு மிஞ்சியது ஓர் எண். "பாவமா இருந்துச்சு. அதான் என் பொண்ணு பேரை வச்சிட்டேன். ராட்சசி." கூட்டம் சிரிக்கும்.
ஞாயிறு அந்த இடம் வந்ததும் கடைசி வரிசையிலிருந்து "யாருடா என்னைக் கூப்பிட்டது?" என்று ஒரு கத்து. அப்பா மைக்கைக் கீழே போடலைன்னா என் பேர் ராட்சசி இல்ல.

ஜூன் 14
கத்தவில்லை.

ஜூன் 15
எழுதித்தான் ஆகணும்.
அம்பு வந்து நின்றது. அதே நோஞ்சான், அதே பாக்கெட், அதே பழைய பெயர்க் கதை. ஒரு சொல் மாறவில்லை. நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். "அந்த ராட்சசி இங்கதான் இருக்கா. யாரு?" என்று அப்பா கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்றே — ஒரு நொடி.
முன்வரிசையில் ஒரு சின்னது நாற்காலி மேல் ஏறி நின்று "நாந்தான்" என்றது. அந்த ஆன்ட்டியின் மகள். முன்பல் இரண்டும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தட்டினேன்.
அதுமேல கோபப்படக்கூட முடியல. அதுக்கு என்ன தெரியும், பல்லே முளைக்கல. ஆனா அப்பா — வேற பேரே கிடைக்கலையா? பிசாசு இருக்கு. பூதம் இருக்கு. குட்டிச்சாத்தான் இருக்கு. அதெல்லாம் சும்மாதானே கிடக்கு?
வாசலில் டிக்கெட் கிழிக்கும் அண்ணன், "ஏ வாலு, அப்பாவைப் பாக்காமயா போற?" என்றார்.
"பாத்துட்டேண்ணே. நான் வந்தேன்னு சொல்லிடாதீங்க."
"என்ன, மறுபடியும் ஏதாவது வம்பா?"
"ஆமாண்ணே."

ஜூன் 18
பி.டி. சாரே வந்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

ஜூன் 21
அப்பா போன். நான் வெறுமனே "ஹலோ" என்றேன்.
"ராட்சசி இருக்காளா?"
"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க."
"ஓஹோ. அப்ப பேசறது யாரு?"
"பேர் இல்லீங்க. எண்தான் இருக்கு. பத்தாம் வகுப்பு பி பிரிவு, முப்பத்தொண்ணு."
அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "உன்னை அடிச்சுக்க ஆளே இல்லடி" என்றார்.
அவர் போனை வைக்கும்வரை நானும் சிரித்தேன்.