கண்ணுக்கு மருந்து விட ஆள்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று ஏழு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், ஒரு விவாகப் பதிவு. எல்லாம் கனடாவுக்கு. வெள்ளவத்தையில் இருந்து போகிறவர்களின் பத்திரங்களை இங்கிலீஷில் மாற்றி முத்திரை குத்துவதுதானே என் தொழில். என் மனிசி மேனகாவின் பத்திரத்துக்கும் நானேதான் குத்தினேன். மகளின் பிள்ளைப்பெறுவுக்கு அவ மெல்பேர்ன் போய் இன்று இருபத்திரண்டு நாள். திரும்பி வர ஜூலை ஆகும்.

கண் இரண்டுக்குள்ளும் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. கொம்பியூட்டரைப் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் வடிகிறது. பத்திரம் கொண்டுவந்த பிள்ளை பயந்துபோய், "ஐயா, ஏன் அழுறீங்கள்?" என்றாள். "அழேல்லை பிள்ளை, கண் வருத்தம்" என்றேன். அவள் நம்பவில்லை.

பெப்ரவரி 9, வெள்ளி

கண் டொக்டர் பர்ஹா கீழ் இமைக்குள் ஒரு கடதாசித் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் இருத்தினார். துண்டு கால்வாசிகூட நனையவில்லை. கண் உலர்ந்துபோச்சாம்.

"குடம் குடமாத் தண்ணி ஓடுது டொக்டர், நீங்கள் காய்ஞ்சுபோச்செண்டுறீங்கள்!"

கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. எனக்குக் கண்ணில் ஈரமும் காணாதாம், அந்த ஈரத்தைக் காக்க இமை விளிம்பில் ஊறுகிற எண்ணெயும் காணாதாம். காய்ந்த கண் எரியும், எரிச்சலுக்குத் தண்ணீர் கொட்டும். அது கன்னத்தில் ஓடுமே தவிரக் கண்ணில் நிற்காது.

சுடுதண்ணீரில் துணி நனைத்து இமைக்கு ஒத்தடம். ஃபான் முகத்துக்கு நேரே வேண்டாம். கொம்பியூட்டர் முன்னால் நான் இமைக்கவே மறந்துபோகிறேனாம். மூக்கடைப்புக்கு நான் அடிக்கடி போடுகிற தடிமன் குளிசையும் கண்ணைக் காய வைக்குமாம், அதையும் விட வேணும். துளி மருந்து நாளுக்கு நாலு தரம், தவறக் கூடாது.

"முந்திப் பாவிச்ச மருந்தை ஆர் விட்டது?"

"மனிசி."

"இப்ப?"

நான் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

முதல் துளி மூக்கில். இரண்டாவது மீசையில். மூன்றாவது காதுக்குள். போத்தல் கிட்ட வந்தாலே சனியன் பிடிச்ச கண் தானாய் மூடிக்கொள்ளுது! மருந்து முழுக்கத் தலையணைதான் குடிக்குது.

வீடியோவில் மேனகா: "மருந்து விட்டனீங்களோப்பா?"

"ஓம்."

"பொய். கண்ணைக் கிட்டக் காட்டுங்கோ பாப்பம்... ஐயோ, செக்கச் செவேலெண்டு கிடக்கு. ஜூலையில நான் வந்திடுறன், அதுவரைக்கும் சமாளியுங்கோ."

மேல்வீட்டுச் சாந்தனைக் கூப்பிட்டால் வந்து விட்டுவிடுவான். கூப்பிட மனம் வரவில்லை. அவ கையால் விட்டுப் பழகின கண்.

மார்ச் 17, ஞாயிறு

மகள் யதுஷா ஓகஸ்டில் திரும்ப வேலைக்குப் போக வேணும். அம்மாவை டிசெம்பர் வரை நிற்கச் சொல்லிக் கேட்கிறாள். மேனகா என் முன்னாலேயே சொன்னா: "அப்பாவுக்குக் கண்ணுக்கு மருந்து விட ஆளில்லை, பிள்ளை. நான் போகத்தான் வேணும்."

மகள் பாவம். ஆனால் எனக்குச் சந்தோசம். பொய் எழுதி என்ன, சந்தோசம்தான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

டொக்டர் ஒரு வழி சொல்லித் தந்தார். நேராகப் படுத்து, கண்ணை மூடி, மூக்கோர மூலையில் ஒரு துளி. பிறகு மெல்லத் திறக்க, தானாய் உள்ளே இறங்குது. இவ்வளவுதானா! இரண்டு கண்ணிலும் முதல் தரமே சரி வந்தது.

மேனகாவுக்குச் சொல்லவில்லை.

மே 5, ஞாயிறு

எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. வெள்ளை வெளேரென்ற கண்ணோடு எப்படி வீடியோவுக்கு முன்னால் போய் இருக்கிறது? அவ கூப்பிட முன்னமே இரண்டையும் நல்லாய்க் கசக்கினேன்.

அறுபத்து மூன்று வயது எனக்கு.

மே 24, வெள்ளி

டொக்டர் கண்ணுக்கு மஞ்சள் சாயம் விட்டு விளக்குப் பிடித்துப் பார்த்தார். "கீறல் இருக்கு. கண்ணைக் கசக்கினீங்களா?"

"தூசு விழுந்தது."

"ஐயா, காய்ஞ்ச கண்ணைக் கசக்கப்படாது. புண்ணாகினா பார்வைக்குத்தான் கேடு."

வெட்கமாய்ப் போச்சு. பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்காத ஆள் நான்.

மே 26, ஞாயிறு

இன்று யதுஷாதான் ஃபோனை எடுத்தாள். "அம்மா குளிக்கிறா" என்றாள். குழந்தை தோளில். கதைத்துக்கொண்டிருக்கும்போதே, இருந்த இருப்பில் நித்திரையாகிவிட்டாள். வாய் திறந்தபடி. சின்னதிலும் அப்படித்தான் தூங்குவாள், என்ர பிள்ளை.

மேனகா வந்ததும் சொல்லிவிட்டேன். "இஞ்சரும், நான் இப்ப நானாத்தான் மருந்து விடுறன். சரியா விழுது. நீர் டிசெம்பர் மட்டும் நிண்டு பிள்ளையைப் பாரும்."

"எப்ப தொடக்கம்?"

"சித்திரை தொடக்கம்."

குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டா. பிறகு, "கள்ளன்" என்றா. பிறகு, "அப்ப என்ர தேவை முடிஞ்சுது" என்றா. பகிடியாகத்தான் சொன்னா. சிரிக்கவில்லை.

ஐயோ மேனகா, கண்ணுக்கு மட்டுமா நீ வேணும்? இதை ஏன் நான் அப்பவே வாய் திறந்து சொல்லேல்லை?

செப்டெம்பர் 3, செவ்வாய்

மருந்து நாலு தரம். ஒத்தடம் இரண்டு தரம். கதைக்க ஒருத்தரும் இல்லை.

டிசெம்பர் 14, சனி

வந்துவிட்டா! மெலிந்துபோனா. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்டதும் முதல் கேள்வி: "கண் எப்பிடியப்பா?"

பின்னேரம் தேத்தண்ணி குடித்த கையோடு, சூட்கேசைக்கூடத் திறக்காமல், மேசை லாச்சிக்குள் கையை விட்டுப் போத்தலைத் தேடி எடுத்தா. "படுங்கோ."

நானே விடுவன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் போய்ப் படுத்தேன்.

பதினொரு மாதத்தில் கைப்பழக்கம் விட்டுப்போச்சு அவவுக்கு. வலக் கண்ணுக்கு விட்டது மூக்கில். இடக் கண்ணுக்கு விட்டது காதடியில். குனிந்து முகத்துக்குக் கிட்ட வந்து, "விழுந்ததோப்பா?" என்று கேட்டா.

"ஓம், நேரா விழுந்தது."

அவ குசினிக்குள் போன பிறகு, சத்தம் போடாமல் எழும்பி இரண்டு கண்ணுக்கும் நானே விட்டுக்கொண்டேன். நாளைக்கும் படுப்பன்.