வலிக்கு ஓர் ஒப்பீட்டுப் பட்டியல்

7 ஆகஸ்ட் 1962

இந்த மாதமும் இரண்டு நாள் லீவு. காரணம்: காய்ச்சல். எட்டு வருடமாக மாதம் தவறாமல் காய்ச்சல் வரும் ஒரே டைப்பிஸ்ட் நான்தான். பர்ச்சேஸ் ஆபீசர் வெங்கடசுப்ரமணியன் ஏன் என்று கேட்டதில்லை. தாளில் தேதி சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

16 ஆகஸ்ட்

டாக்டர் ஃபாத்திமா பெயர் சொன்னார்: எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே அங்கங்கே ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறதாம். "இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தே?" என்றார். டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

பெயர் இருக்கிறது. அப்படியானால் நான் நடிக்கவில்லை. பஸ்ஸில் அழுதேன், சந்தோஷத்தில்.

17 ஆகஸ்ட்

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாப்பாட்டு நேரத்தில், டெண்டர்களுக்கு அடிப்பது போலவே ஒப்பீட்டுப் பட்டியல் அடித்தேன்.

முதல் ஆபரேஷன்: ஒட்டியிருப்பதைச் சுட்டு, கட்டியை எடுப்பது. பிள்ளைக்கு வழி உண்டு. வலி திரும்பலாம்.

இரண்டாவது: அதோடு, வலியைக் கொண்டுபோகும் நரம்பையும் வெட்டுவது. நடுவயிற்று வலி குறையும், பக்கத்து வலி குறையாமல் போகலாம். மலச்சிக்கல் வரலாம். பிள்ளைக்கு வழி உண்டு.

மூன்றாவது: கர்ப்பப்பை, சூலகம் எல்லாவற்றையும் எடுப்பது. வலி பெரும்பாலும் தீரும். பிள்ளை கிடையாது.

டாக்டர் கருத்து: இரண்டாவது. கணவர் கருத்து: முதலாவது. மாமியார் கருத்து: எதுவும் வேண்டாம், மாதா கோயிலில் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் போதும்.

கைப்பழக்கம் – கார்பன் வைத்து மூன்று பிரதி.

20 ஆகஸ்ட்

இரண்டு பிரதிதான் இருக்கிறது. ஐயோ.

21 ஆகஸ்ட்

மூன்றாவது பிரதி பால்பேரிங் டெண்டர் ஃபைலோடு ஆபீசர் மேசைக்குப் போயிருக்கிறது. சாயங்காலம் திரும்பி வந்தது. சிவப்புப் பென்சிலில் ஒரு குறிப்பு: "கேட்டவரின் கருத்து விடுபட்டுள்ளது. அது இல்லாமல் முடிவெடுக்க முடியாது."

தலைப்பைப் படித்தாரா? படித்துவிட்டுத்தான் எழுதினாரா? என் முகத்தைப் பார்க்கவில்லை. என்றைக்குமே பார்ப்பதில்லை.

எட்டு வருடத்தில் எந்தப் பட்டியலிலும் அந்தக் கட்டத்தை நான் விட்டதில்லை. பால்பேரிங்குக்குக்கூட, கேட்ட ஃபோர்மேன் என்ன சொல்கிறார் என்று எழுதுவோம். இங்கே கேட்டவள் நான். மாமியாருக்கு இடம் போட்டிருக்கிறேன்.

24 ஆகஸ்ட்

எழுதினேன்: மூன்றாவது. கணவர் ஓஸ்வால்டிடம் காட்டினேன்.

"பைத்தியமா மௌரீன்? அப்புறம் நமக்குன்னு யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்கல்ல?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணவர் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க மாட்டார்கள்.

பிள்ளை வேணாம்னு யாரு சொன்னா? எனக்கு ஆசை இல்லையா? பேர்கூட வச்சிருந்தேன். ஆனா முடியல. இனிமே முடியவே முடியல.

4 செப்டம்பர்

வலி. எப்போதும் என் வலி நாளில் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பிவிடும் ஓஸ்வால்ட், இன்று போகவில்லை. சமையலறைத் தரையில் நான் சுருண்டு கிடந்ததைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

6 செப்டம்பர்

கையெழுத்துப் போட்டார். பேனாவில் மை இல்லை என்று இரண்டு முறை சொன்னார். மை இருந்தது.

3 ஜனவரி 1963

காலை ஆறரை. பனியில் எதிர்வீடு தெரியவில்லை. எனக்கு மட்டும் கழுத்தெல்லாம் வியர்வை – ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் என்று டாக்டர் சொன்ன சூடு இதுதான். வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

ஓஸ்வால்ட் ஸ்வெட்டர் மாட்டி, அதன்மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, குரங்குக்குல்லாய்க்குள்ளிருந்து காபி குடித்தார். மூடு என்று சொல்லவில்லை.