முதுகு காட்டிச் சாப்பிட்ட ஏழு வருஷங்கள்

என் நாக்குக்குப் புத்தி வரவழைத்த அத்தைக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் போடுகிறவன் எப்பேர்ப்பட்ட சோம்பேறி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்தச் செய்தியை உங்களை விட்டால் வேறு யாரிடம் சொல்வேன்? நாம் ஜெயித்துவிட்டோம் அத்தை. ஜெயிக்க வைத்தது யார் தெரியுமா? உங்கள் மூத்த மகன் ராசாங்கம் மச்சான். நீங்கள் நம்பமாட்டீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்த நானே இன்னும் முழுசாக நம்பவில்லை.

இதைப் பத்திரிகையில் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாதே. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் குடும்பத்து முறைப்படி மாமியார் மருமகன் எதிரில் உட்காரக் கூடாது. நேராகப் பேசக் கூடாது. முகம் பார்த்துச் சாப்பிடவே கூடாது. நான் சொந்தத்தில் கட்டியவனாக இருந்திருந்தால் ஒருவேளை தளர்த்தியிருப்பீர்கள். நானோ அசல். மாமா காலமாகி, உங்களுக்குக் கண்ணும் மங்கத் தொடங்கி, வைத்தியத்துக்கு வசதி என்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் தல்லாகுளம் வாடகை வீட்டுக்கு வந்தீர்கள். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. நம் இருவருக்கும் நடுவில் ஒரு சமையலறைக் கதவு. "வசந்தா, மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நான், "வேணும்னு சொல்லு" என்பேன். வசந்தா கடைக்குப் போயிருந்தால் அன்றைக்கு ரசம் கிடையாது.

அப்புறம்தான் அந்தக் கண் சோதனை வந்தது. வசந்தாவுக்குக் காய்ச்சல், நான்தான் உங்களை அழைத்துப் போனேன். பஸ்ஸில் நீங்கள் முன்வாசல், நான் பின்வாசல். ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, சாயங்காலம் வரை எதுவும் தெளிவாகத் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள். மத்தியானம் பசி. கோர்ட்டுப் பக்கம் ஒரு கறிதோசைக் கடை வாசலில் மணம் நம் இருவரையும் பிடித்து நிறுத்தியது. நீங்கள் தெருவிலிருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கண்ணுதான் தெரியலையே. எதுக்க யாரு இருக்கான்னே தெரியாதப்ப, முறை எப்படிக் கெடும்?"

இந்த வாதத்தைக் கோர்ட்டிலிருந்த எந்த வக்கீலாலும் உடைத்திருக்க முடியாது.

ஆனாலும் பாதுகாப்புக்காக இரண்டு மேசை பிடித்தோம். நாற்காலிகள் முதுகோடு முதுகு. உள்ளே திரை போட்ட ஃபேமிலி ரூம் இருக்கிறது என்று சப்ளையர் கருப்பையா சொன்னார். "திரைக்குள்ள உக்காந்து திங்கிறதுக்கு எங்க வீட்டு அடுப்படியே போதுமே, தம்பி" என்றீர்கள். தோசை வந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கருப்பையாவைக் கூப்பிட்டீர்கள். "பின்னால இருக்கவர்ட்டச் சொல்லுங்க, கறி நல்லா வெந்திருக்கு, மிளகுதான் பயந்து பயந்து போட்டிருக்கான்."

கருப்பையா இரண்டு எட்டு நடந்து வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னார். நான் பதில் சொல்லி அனுப்பினேன். நாலைந்து முறை நடந்த பிறகு அவர் என் காதருகே குனிந்தார்.

"சொத்துத் தகராறாண்ணே?"

கோர்ட்டுக்கு எதிரில் கடை வைத்திருப்பவர்களுக்கு உலகமே வாதி, பிரதிவாதி. நான் மறுக்கவில்லை. மாமியார் என்று சொல்வதை விட எதிர்க்கட்சி என்பது கௌரவமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அலுவலகம் இல்லாத ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் உங்களுக்குக் கண் சோதனை. ஏழு வருஷம். நகரத்தில் நாம் நுழையாத சந்து உண்டா? காலையில் பருத்திப்பால், மழை நாளில் முள்ளுமுருங்கை வடை, கோரிப்பாளையத்தில் பிரியாணி; எங்கே சுற்றினாலும் நடுவில் கருப்பையாவின் கடைக்கு ஒரு நடை. ஜிகர்தண்டாக் கடையில், "இது குடிக்கிறதா திங்கிறதான்னு முடிவு பண்ணிட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்றீர்கள். மகாலில் ஒலி ஒளிக் காட்சி போட்டபோது, இருட்டில் ராஜா குரல் மட்டும் முழங்கியது. உங்கள் முணுமுணுப்பு முன்வரிசையிலிருந்த எனக்கே கேட்டது: "சத்தம் வருது, ஆளக் காணோம். ராசாவும் மாமியா மாதிரி கதவுக்குப் பின்னால நின்னு பேசுறாரு போல."

தமுக்கம் பொருட்காட்சி ராட்டினத்தில் ஆளுக்கொரு பெட்டி. நான் உச்சியில் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் கீழே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பத்திரிகைகளுக்கு எழுதிய சாப்பாட்டுத் துணுக்குகளில் நல்லவை எல்லாம் உங்களுடையவை. மிச்சம் என்னுடையவை. வாசகர்களும் சரியாகவே பிரித்துப் பாராட்டினார்கள்.

வசந்தாவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "எங்கம்மாவுக்குக் கண்ணுல நோவா, வயித்துல நோவா? ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா ராத்திரி சாப்பாடே வேணாங்குது." நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து, "மருந்து சூடு" என்பீர்கள்.

கடைசியாக நாம் போனதும் அந்தக் கறிதோசைக் கடைக்குத்தான். கருப்பையா அன்றைக்கு ஓட்டமாக வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, அம்மா எறங்கி வந்துட்டாங்க. நாற்காலியத் திருப்பிப் போட்டு ஒரே மேசையில சாப்பிட்டா என்னாங்கிறாங்க. விட்டுக் குடுத்து முடிச்சிருங்கண்ணே."

நான் நிமிர்ந்தேன். வாசலில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுப் போய் மச்சானிடம் சொன்னால்? மச்சான் ஊரைக் கூட்டினால்? ஊருக்கே நக்கல் எழுதுகிறவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். "இன்னொரு நாளைக்குன்னு சொல்லுங்க" என்றேன். நீங்கள் சிரித்த சத்தம் கேட்டது. "சரி, தோசை ஆறுது" என்றீர்கள். அடுத்த இரண்டாம் சனிக்கிழமைக்கு நீங்கள் இல்லை.

என்ன ஆகியிருக்கும் அத்தை, நான் அந்த நாற்காலியைத் திருப்பியிருந்தால்?

சரி, செய்திக்கு வருகிறேன். எங்கள் மகள், உங்கள் பேத்தி தேன்மொழிக்குப் போன மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பாஸ்கரன் பாங்கில் வேலை, தங்கமான பையன். புதுத் தம்பதிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. பொருட்காட்சியும் நடந்துகொண்டிருந்தது. முறைக்குக் காவலாக மச்சானும் வந்துவிட்டார். இப்போது வசந்தாதானே மாமியார்? மகாலில் அவளை ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் நிறுத்தினார். "வசந்தா, மருமகன் வாராரு, தள்ளு." தெப்பக்குளத்தில் மாப்பிள்ளை கிழக்குக் கரை என்றால் அவள் மேற்குக் கரை. மத்தியானத்துக்குள் உங்கள் மகள் எங்களை விட இரண்டு மடங்கு நடந்திருந்தாள்.

பசி வந்ததும் மச்சானே முன்னால் நடந்தார். நேராக அந்தக் கடை. "அங்க வேணாம் மச்சான், ஈ மொய்க்கும்" என்றேன். "ஈயும் நல்ல எடத்துக்குத்தான் மாப்ள வரும்" என்று உள்ளே போய்விட்டார்.

பொருட்காட்சிக் கூட்டம். ஒரே ஒரு பெரிய மேசையும் அதற்குப் பின்னால் தனியாக ஒரு நாற்காலியும்தான் காலி. கருப்பையா என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்கண்ணே, ரெண்டு வருசமாக் காணோம். அந்த அம்மா வரலையா?"

மச்சான் திரும்பினார். "எந்த அம்மா?"

"ரெண்டாஞ் சனிக்கெழமயானா ரெண்டு பேரும் வருவாங்கல்ல. முகத்தப் பாத்துக்கிற மாட்டாங்க, ஆனா ஒருத்தர் திங்கிறதத்தான் இன்னொருத்தரும் திம்பாங்க. அம்புட்டுப் பாசம்."

வசந்தா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேன்மொழி, பாவம், தன் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். "மாப்ள, யாரு அது?"

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அம்மா என்று ஒரு பொய் தயாராக இருந்தது. நல்ல பொய்தான். ஆனால் தோசைக்கல்லிலிருந்து அந்த மணம் வந்தது அத்தை. இரண்டாம் முறையும் உங்களுக்கு முதுகு காட்ட மனசு வரவில்லை.

"அது உங்க ஆத்தா மச்சான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டு மருந்து, விளக்குக் கம்பம், ராட்டினம், கடைசியாக நீங்கள் கேட்டது, நான் மறுத்தது. கருப்பையா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், ஏழு வருஷம் சமாதானம் பேசியது மாமியாருக்கும் மருமகனுக்கும் என்று தெரிந்து.

முதலில் அசைந்தது வசந்தா. பாஸ்கரனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்தாள். சத்தம் கடை முழுக்கக் கேட்டது. உட்கார்ந்தாள். "உக்காருங்க மாப்பிள்ளை, கால் வலிக்குது. கருப்பையாண்ணே, எங்கம்மாவுக்கு எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க. மிளகு மட்டும் பயப்படாமப் போடச் சொல்லுங்க." மாப்பிள்ளை, "எனக்கும் அப்படியே அத்தை" என்றார், முகம் பார்த்து.

மச்சான் நின்றுகொண்டே இருந்தார். அவர் கோபப்பட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரோ கருப்பையாவிடம் மெதுவாகக் கேட்டார்: "எத்தன திங்கும்?"

"ரெண்டுண்ணே. குளுருக் காலத்துல மூணு."

"எங்கிட்ட ஒருநாளும் எதுவும் கேட்டதில்லையேய்யா. கஞ்சி போதும், கஞ்சி போதும்னே சொல்லும்."

பின்னாலிருந்த நாற்காலியைத் தூக்கி வந்தார். எங்கள் மேசையில், தன் தங்கைக்கும் அவள் மருமகனுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார். மூன்று கறிதோசை சாப்பிட்டார், குனிந்த தலை நிமிரவில்லை. நாலாவதுக்குச் சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, மேலூர்ல எம்மாமியா இருக்கு. எழுபதத் தாண்டிருச்சு. முப்பது வருசமாச்சு, அதுக்கு என்னா பிடிக்கும்னு எனக்குத் தெரியாது."

"கேட்டுப் பாருங்களேன்."

"எப்படிக் கேக்குறது? பேசுனதே இல்லையே." நாலாவது தோசையைப் பிட்டார். "கண்ணு சோதிக்கணும்னு கூட்டியாரவா?"

அத்தை, அவர் உங்கள் மகன்தான். சந்தேகமே வேண்டாம்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை மேலூர் பஸ்ஸில் இருவரும் வருகிறார்கள். ஒரே ஒரு மேசைதான் சொல்லி வைத்திருக்கிறேன். எதிரெதிராக உட்கார வைப்பேன். மச்சான் நாற்காலியைத் திருப்பப் பார்த்தால் அதன் காலைக் கெட்டியாக மிதித்துக்கொள்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மகளைக் கட்டி, உங்களைத் தாமதமாகச் சம்பாதித்த
அசல் மாப்பிள்ளை.