ஆகாயத் தபாலும் ஸ்டேஷன் மாஸ்டரும்

ராலின்ஸ், வயோமிங்
பிப்ரவரி 1922

அன்புள்ள அம்மாவுக்கு எல்மர் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

செவ்வாயன்று பனிப்புயலில் என் தபால் விமானத்தை ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறக்கினேன். மேலும் கீழுமாக உள்ள இறக்கைகளில் கீழ் இறக்கை மட்டும் முறிந்தது, பயப்படாதீர்கள். தபால் மூட்டைகளைச் சுமந்துகொண்டு முழங்கால் அளவு பனியில் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஆகாயத் தபாலை ரயில்ல ஏத்த எனக்கு உத்தரவு இல்ல. எடுத்துட்டுப் போய்யா!"

"எங்க, ஆகாயத்துக்கா?" என்று கத்தினேன். மனிதர் நிதானமாகக் காபியை உறிஞ்சினார். எனக்கு ரத்தம் கொதித்தது. ரயில் வந்தபோது மூட்டைகளோடு தண்டவாளத்தின் நடுவே போய் நின்றுவிட்டேன்.

பிரேக் போட்டு நிறுத்திய டிரைவர், "சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலியாடா?" என்று திட்டினார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, மூட்டைகளை எஞ்சினிலேயே ஏற்றிக்கொண்டார்.

இப்போது அந்த ஸ்டேஷன் மாஸ்டர் என்மீது புகார் கொடுத்திருக்கிறார்! மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்க மாட்டேன்.

கம்பளிக் காலுறை பின்னி அனுப்புங்கள். இடது காலுக்குக் கொஞ்சம் பெரிதாக, கட்டின்மேல் போடும்படி இருக்கட்டும். கூடவே நாலு வரி எழுதுங்கள். ஊரார் கடிதங்களையெல்லாம் சுமக்கிறேன், எனக்கென்று ஒன்றும் வருவதில்லை.

டாக்டர் வருகிறார், நிறுத்துகிறேன்.

எல்மர்