பிரபு டேப்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஹீட்டர் வேலை செய்யவில்லை. பச்சைத் தண்ணீரில் குளியல்.

புது ஆப் பற்றிய விமர்சனத்தை அடுத்த வாரக் கடைசிக்குள் எழுத வேண்டும். என் வலைப்பதிவுக்குத்தான். கெடு வைத்தவனும் நானே. கணினியில் கிடக்கும் பாட்டு, பழைய ஆப்பில் சேர்த்துவைத்த பட்டியல்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடுமாம்.

பார்த்தவரை: ஒரே பாட்டு இரண்டு முறை இருந்தால் பிடித்துவிடுகிறது. நல்லது. தமிழ்ப் பெயர் வந்தால் தடுமாற்றம். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பதால் ஒரே பாடகியை நான்கு பேராகக் காட்டுகிறது. கையால் திருத்தினேன். சாயங்காலம் முழுக்க அதற்கே போனது. வேறு வேலையும் இல்லை.

நவம்பர் 5, புதன்

ரயில் ஆவடிக்குள் நுழையும்போது பாட்டு நின்றது. திரையில் வழக்கமான வரி: 'பிரபு டேப்பில் பாடல் ஒலிக்கிறது.'

பழைய ஆப்பில் எனக்கும் பிரபுவுக்கும் ஒரே கணக்கு. அம்பத்தூரில் ஒரே அறையில் இருந்தபோது போட்டது. அந்த டேப்லெட்டும் சேர்ந்து வாங்கியதுதான். கல்யாணமாகி ஓசூர் போனபோது அதை அவனே வைத்துக்கொண்டான். ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பாடும். அவன் போட்டால் எனக்கு நின்றுவிடும்.

கோபம் வருவதில்லை. எழுந்து, காபி குடித்து, பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். ஹெட்போனைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். அவன் கேட்கட்டும்.

பேசி ரொம்ப நாள் ஆகிறது. குழந்தை பிறந்தபோது வாழ்த்து அனுப்பினேன். கைகூப்பும் படம் வந்தது. அதோடு சரி.

நவம்பர் 7, வெள்ளி

எங்கள் பொதுப் பட்டியலின் பெயர் 'ரூம்'. வெள்ளிதோறும் அதில் ஒரு பாட்டு சேர்ப்பது வழக்கம். பிரபுவுக்குப் பிடிக்கும் என்று தோன்றுவது. இன்று சேர்த்தது நாகஸ்வரத்தில் தொடங்கி டிரம்ஸுக்குப் போகும் ஒன்று. போன வாரப் பாட்டு டேப்பில் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. 'சமீபத்தில் கேட்டவை'யில் தெரிகிறது. அலுவலகத்தில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன் போல. பக்கத்து இருக்கைப் பெண், "என்ன, வீட்ல பொண்ணு பாத்துட்டாங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

திரும்பும்போது ரயிலில் ஒரு அம்மா போனில்: "பட்டாபிராம் தாண்டிட்டேன். நீ சோத்த வடிச்சி வையி." எனக்கு அடுத்த ஸ்டேஷன் நெமிலிச்சேரி. யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 8, சனி

விமர்சனம் முடிந்ததும் பழைய கணக்கை மூடுவதாக எண்ணம். பி.யிடம் கேட்காமல் மூடக்கூடாது. போன் செய்தேன். எடுத்தான். பின்னால் குழந்தை அழுகை.

"சொல்றா மச்சான். எப்டி கீற?"

"நல்லா இருக்கேன்டா. அந்தப் பாட்டு ஆப் இருக்கில்ல, அத மூடிரலாமான்னு..."

"அது இன்னுமா ஓடிகினு கீது? நான் அத மறந்தே பூட்டேன்."

"டேப்ல தினமும் கேக்குறியே."

"எந்த டேப்பு? அத ஆவடில ஒரு கடைல எக்ஸ்சேஞ்சுல குட்த்துட்டேன் மச்சான். ஊட்ட காலி பண்றப்பவே. இங்க பாட்டு கேக்க ஏதுடா டைமு?"

"அப்ப 'ரூம்' லிஸ்ட்டு?"

"இன்னா லிஸ்ட்டு?"

ஒன்றுமில்லை என்றேன். ஓசூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா என்றான். சரி என்றேன். குழந்தை பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

பிறகு கணக்கின் அமைப்புகளைத் திறந்தேன். 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு.' தொட்டால் போதும், டேப்பில் பாட்டு நின்றுவிடும். தொடாமல் பால் வாங்கப் போனேன்.

நவம்பர் 10, திங்கள்

ஆவடி. பாட்டு நின்றது. அதே வரி. இன்று ஹெட்போனைக் கழற்றவில்லை. பாட்டில்லாமலே அம்பத்தூர் வரை காதில் வைத்திருந்தேன்.

இவ்வளவு நாள் யாருக்குப் பாட்டுத் தேடினேன்?

மதியம் அந்தக் கணக்கில் புதுப் பட்டியல் ஒன்று தொடங்கினேன். உள்ளே பாட்டு எதுவும் இல்லை. பெயர் மட்டும்: 'யார் கேட்கிறீர்கள்?' டேப்பிலும் அது தெரியும்.

நவம்பர் 12, புதன்

நேற்று ஒன்றும் இல்லை. இன்று காலை என் பட்டியலுக்குக் கீழே இன்னொன்று. அதன் பெயர்:

'திருமழிசை தையல் யூனிட். டேப் கடைல வாங்குனது. பாட்டு தானா வருது, வெள்ளிக்கிழம புதுசும் வருது. யார் போட்றதுன்னு தெர்ல. நல்லா கீது. நிறுத்திடாதீங்க.'

அலுவலகப் படிக்கட்டில் நின்று படித்தேன். மறுபடி படித்தேன். பி. இல்லை. ஆனாலும் கேட்டிருக்கிறார்கள்.

பதில் பட்டியல் போட்டேன்: 'போடுவது நான்தான். நிறுத்த மாட்டேன். நீங்கள் போட்டால் ரயிலில் எனக்கு நின்றுவிடுகிறது. காலையில் மட்டும் அம்பத்தூர் வரை நான் கேட்டுக்கொள்ளட்டுமா?'

நவம்பர் 13, வியாழன்

பதில்: 'அய்யோ தெர்யாதுண்ணா. மன்னிச்சிக்கோங்க. பத்து மணிக்கு மேல போட்றோம். ஞாயித்துக்கிழம எங்களுக்கு லீவு. அன்னிக்கு ஃபுல்லா நீங்களே கேளுங்க.'

நான் அண்ணன் என்று எப்படி முடிவு செய்தார்கள், தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

கனமழை. ரயில் தாமதம். பாட்டுத் தேட ரொம்ப நேரமானது. தையல் மிஷின்கள் ஓடும் இடம். மெல்லிய குரல் எடுபடாது. பி.க்குப் பிடிக்காத பாடகர் ஒருவர் உண்டு, தொண்டை கிழியப் பாடுவார். அவர் பாட்டைச் சேர்த்தேன். மூன்று மணிக்குப் பார்த்தபோது டேப்பில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். விமர்சனம் போட்டாயிற்று. ஐந்துக்கு மூன்றரை. பழைய கருவிகளில் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள் என்று எப்போதும் கடைசியில் எழுதுவேன். இந்த முறை எழுதவில்லை.

சாம்பார் வைத்தேன். உப்பு அதிகம்.

காலையிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் நிறுத்தவில்லை.