சிகரெட்தான் வேண்டாம் என்றேன்

தம்பி பொனிடிக்கு, அண்ணன் வாகிமான் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கட்டில் துகிஜோ எழுதுவது.

உன்னை வரவேண்டாம் என்று யாரடா சொன்னது? சிகரெட்தான் வேண்டாம் என்றேன். நீட்டிய சிகரெட்டை வாங்காவிட்டால் நீட்டியவனையே வேண்டாம் என்பதுபோல ஆகும்; நானும் ஜாவாக்காரன்தானே, தெரியாதா? அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடிப்பதற்குள் எழுந்து போனவன், பெருநாளைக்கும் வரவில்லை. உன் ரோஷமும் உன் தொப்பை மாதிரிதான், வருஷா வருஷம் வளருகிறது.

உடம்பு தேவலை. அன்று எச்சில் வழிய மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தேன். "பொகைய நிறுத்தி எங்கண்ணனப் பொணமாக்கிட்டீங்களே!" என்று நர்ஸ் ரத்மியிடம் கத்தினாய். பாவம், அவள் என்ன செய்வாள்? இத்தனை வருஷம் என் மாத்திரையில் பாதியைப் புகைதான் தின்றுகொண்டிருந்ததாம். புகை நின்றதும் முழுசும் என் தலைக்கு ஏறிவிட்டது. டாக்டர் குறைத்துவிட்டார். இப்போது எச்சில் இல்லை.

முன்பு இந்த மனநல ஆஸ்பத்திரியில் குளித்தால் ஒரு சிகரெட் தருவார்கள், கத்தாமல் இருந்தால் ஒரு சிகரெட். இப்போது காலையில் பலாமரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்து, "யாருக்குப் பிடிக்கணும்போல இருக்கு? கை தூக்குங்க" என்கிறாள் ரத்மி. நான் இரண்டு கையையும் தூக்குவேன். "தாத்தா, இத வாயில போட்டுக்கிட்டுக் கையை எறக்குங்க" என்று இஞ்சி மிட்டாய் தருவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே ஒன்றும் அசைவதில்லை. மழை பெய்தால் பார்க்கிறேன். நின்றால் அதையும் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசல் பெஞ்சில் போய் உட்காருகிறேன். "ஒன் தம்பி வந்தா சிகரெட்டோடதான் வருவான், நீயும் வாங்கிருவே பெருசு" என்கிறான் துகிஜோ. வாங்கிவிடுவேன்டா. வேறு யார் நீட்டினாலும் தள்ளிவிடுவேன், உன் கையைத் தள்ள வராது. அதனால்தான் முன்கூட்டியே கெஞ்சுகிறேன்.

வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தால் வாழைப்பழ பஜ்ஜி வாங்கி வா. மூன்று பேருக்கு வாங்கு. இந்தத் துகிஜோ கிண்டலுக்குக் குறைச்சலில்லை, ஆனால் இவனைத் தேடித்தான் ஒருத்தரும்...

பேனாவை வைத்துவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். விளையாட்டுக்குச் சொன்னேன். இது என் கோணல் எழுத்து, பொறுத்துக்கொள்.

பஜ்ஜி மூணு பேருக்கு. இல்லாட்டியும் பரவாயில்லை. நல்லா இரு. வா.